கணக்குக் கேட்டதற்காகச் சபையை விட்டு வரவேண்டுமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கு,

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு லயத்தைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்தில் ஒரு தாமானுக்குக் குடிவந்தோம். லாரி ஓட்டுகிறேன். எங்கள் சபை சிறியது. நாற்பது, ஐம்பது பேர் வருவார்கள். சென்ற ஆண்டு சபைக் கூட்டத்தில், கூரை மாற்றுவதற்காக வசூலித்த பணத்தின் கணக்கைக் கேட்டேன். நிர்வாகக் குழுவின் மூத்தவர் ஒருவர், "கணக்குக் கேட்கிற அளவுக்கு நீ எவ்வளவு கொடுத்துவிட்டாய்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். எனக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றோடு போவதை நிறுத்திவிட்டேன். கொரோனா காலத்துப் பழக்கம் இருக்கிறதே, ஞாயிறு காலையில் மனைவியோடும் பத்து வயது மகளோடும் உட்கார்ந்து யூடியூபில் தமிழ்நாட்டுப் போதகர்களின் செய்தியைக் கேட்கிறோம். உள்ளபடி சொன்னால், எங்கள் சபைப் பிரசங்கத்தைவிட அது நன்றாகவே இருக்கிறது. அம்மா மட்டும் யாருடைய காரிலாவது ஏறிச் சபைக்குப் போய்வருகிறார். என்னைப் பற்றிக் கேட்பவர்களிடம் "அவனுக்கு வேலை" என்று சொல்லிச் சமாளிக்கிறார். இரண்டு மூன்று பேர் தம் நாமத்தில் கூடும் இடத்தில் தாம் இருப்பதாக இயேசுவே சொல்லியிருக்கிறார். நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். சபைக்குப் போனால்தான் கிறிஸ்தவனா?

பதில்:

அன்புள்ள தம்பி,

கூரைப் பணத்தின் கணக்கை நீங்கள் கேட்டது சரி. இதில் எனக்கு ஐயமே இல்லை. எருசலேமில் வறுமையில் வாடிய விசுவாசிகளுக்காக மற்றச் சபைகளில் காணிக்கை சேர்த்த பவுல், அந்தப் பணத்தைத் தனியாளாக எடுத்துக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் உடன் சேர்த்துக்கொண்டார். இவ்வளவு பெரிய தொகை விஷயத்தில் ஒருவரும் தங்கள்மேல் குறை சொல்ல இடம் கொடுக்கக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடந்துகொள்ள வேண்டும் என்று 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் அதற்குக் காரணமும் எழுதியிருக்கிறார். அப்போஸ்தலருக்கே அந்த எச்சரிக்கை வேண்டியிருந்தது என்றால் நம்முடைய நிர்வாகக் குழுக்களுக்கு எவ்வளவு வேண்டும்! நாட்டுச் சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற எந்தச் சங்கமும் ஆண்டுதோறும் தன் கணக்கைப் பதிவகத்துக்குச் சமர்ப்பித்தாக வேண்டும். அரசாங்கத்துக்குக் காட்டுவதைச் சபையாருக்குக் காட்டத் தயங்குவது எந்த வகையில் நியாயம்?

உங்களிடம் திருப்பிக் கேட்கப்பட்ட கேள்வி அதைவிட மோசமானது. காணிக்கைப்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்த இயேசு, இரண்டு காசு போட்ட ஏழை விதவையைக் காட்டி, மற்ற எல்லோரையும்விட அதிகமாகப் போட்டவள் இவள்தான் என்றார். சபையில் கொடுத்த தொகைக்கு ஏற்றபடி குரல் கூடுவதும் குறைவதும் கிடையாது. தோட்ட மக்களாகிய நமக்கு இது புதிய பாடமும் அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், உங்கள் ஊரிலேயே பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் சீவியவர்கள் தங்கள் சொற்பக் கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் போட்ட பணம்தான் அந்தச் சங்கத்துக்குத் தோட்டங்களை வாங்கிக் கொடுத்தது. தனியாக ஒருவரால் ஒரு நிரை மரத்தைக்கூட வாங்கியிருக்க முடியாது. அப்படிப் பணம் போட்டவர்களில் யாரையும் பார்த்து "நீ எவ்வளவு போட்டாய்?" என்று கேட்கும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்திலேயே இல்லாத அந்த உரிமை கிறிஸ்துவின் சபையில் ஒருவருக்கு எங்கிருந்து வந்தது?

ஆகவே, உங்களுக்கு நடந்தது அநியாயம். அதற்கு நீங்கள் தேடிக்கொண்ட வழியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

நீங்கள் எடுத்துக்காட்டிய வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். அது மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் 20ஆம் வசனம். அதைத் தனியே பிடுங்கி எடுக்காமல் ஐந்து வசனம் மேலேயிருந்து படித்துப் பாருங்கள். "உன் சகோதரன் உனக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்தால், நீ போய், அவனும் நீயும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்று தொடங்குகிறது. அவன் கேட்காவிட்டால் இரண்டொருவரை உடன் அழைத்துக்கொண்டு போகவேண்டும். அவர்களுக்கும் செவிகொடுக்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்த வேண்டும். அந்தப் பேச்சின் முடிவில்தான் "இரண்டுபேராவது மூன்றுபேராவது" என்ற வாக்குத்தத்தம் வருகிறது. அதற்கு முன்னால் இருப்பது மந்தையை விட்டு விலகிப்போன ஒற்றை ஆட்டை மேய்ப்பன் மலைகளில் தேடிப்போகும் உவமை. பின்னால் இருப்பது, எத்தனை தரம் மன்னிப்பது என்று பேதுரு கேட்க, ஏழெழுபது தரம் என்று ஆண்டவர் சொன்ன பதில். சபைக்குள் மனக்கசப்பு வந்தால் என்ன செய்வது என்பதற்காகவே பேசப்பட்ட அதிகாரம் அது. வீட்டில் இருந்துகொள்வதற்கு நீங்கள் ஆதாரமாகப் பிடித்த வசனம், உங்களை எழுந்து அந்த மூத்தவரின் வீட்டுக்குப் போகச் சொல்கிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவரைத் தனியே சந்தித்துப் பேசியதாக அதில் ஒரு வரியும் இல்லை.

போய்ப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம். எழுதியது பத்துப் பேர் கைக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலிலும் வேண்டாம். வாரநாளில் ஒரு மாலையில், வருவதாகச் சொல்லிவிட்டு, தனியாகப் போங்கள். பெரியவர் என்ற மரியாதையோடு பேசுங்கள். கணக்கை முதலில் எடுக்காதீர்கள். "ஐயா, அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நீங்கள் கேட்ட கேள்வி என் மனத்தைப் புண்படுத்திவிட்டது. அதை உங்களிடமே சொல்லவேண்டும் என்று வந்தேன்" என்று சொன்னால் போதும். சொல்லிவிட்டு, அவர் பேசுவதை இடைமறிக்காமல் கேளுங்கள். கணக்குக்கு வேறு வழி இருக்கிறது. சபைச் செயலாளருக்கும் போதகருக்கும் இரண்டு வரிக் கடிதம் எழுதி, அடுத்த கூட்டத்தில் கூரை நிதியின் வரவு செலவைப் படிக்கும்படி கேளுங்கள். மனப்புண்ணையும் கணக்கையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் இரண்டுமே தீராது. நீங்கள் கணக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கோபத்தில் பேசுகிறீர்கள் என்று தள்ளிவிடுவார்கள்.

அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் வாக்குத் தரவில்லை. கேட்காமலும் போகலாம். அப்போது இரண்டாம் படி இருக்கிறது. நீங்கள் மதிக்கிற ஒருவரையும் அவர் மதிக்கிற ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

வாய் திறக்காத மற்றவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த மூத்தவரின் சொல்லைவிட அவர்களின் மௌனம்தான் உங்களை அதிகமாகச் சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன். நம் சிறு பட்டணங்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் அவருக்குச் சம்பந்தி முறை. இன்னொருவருடைய மகனுக்கு அவர் வேலை வாங்கிக் கொடுத்திருப்பார். மற்றொருவர் அவரிடம் கைமாற்று வாங்கியவர். இப்படிப்பட்ட இடத்தில் வாயடைத்துப்போகிறவர்கள் எல்லோரும் அவர் பேச்சை ஒப்புக்கொண்டவர்கள் ஆகமாட்டார்கள். அது கோழைத்தனம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் அவர்களில் இருவராவது தங்களுக்குள் வருந்தியிருப்பார்கள். நீங்கள் திரும்பி வராததால் அந்த வருத்தத்தை அவர்கள் உங்களிடம் சொல்ல வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது.

இனி யூடியூப். தமிழ்நாட்டுப் போதகரின் செய்தியைக் கேட்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. லாரியில் தனியே போகும் நீண்ட இரவுகளில் அது உங்களுக்குப் பெரிய துணையாகவும் இருக்கலாம். கேட்டுக்கொண்டே இருங்கள். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஆலயங்கள் மூடப்பட்டபோது, கைப்பேசித் திரையில் ஆராதனையைப் பார்க்க முடிந்ததற்காக நன்றி சொன்னவர்களில் நானும் ஒருவன். கதவு திறந்த பிறகும் திரையோடு நின்றுவிடும்போதுதான் இழப்பு தொடங்குகிறது. அந்தப் போதகருக்கு உங்கள் பெயர் தெரியாது. நீங்கள் இந்த வாரம் கேட்டீர்களா, கேட்கவில்லையா என்பது தெரியாது. உங்கள் தாயாருக்கு முழங்கால் வலி என்பது தெரியாது. முக்கியமாக, உங்களிடமிருந்து அவருக்கு ஒன்றும் தேவையில்லை. நன்றாகப் பேசுகிறாரா என்று நீங்கள் அவரை எடைபோடலாம். பிடிக்கவில்லை என்றால் விரலால் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கேட்கலாம். சபையில் அப்படி யாரையும் தள்ள முடியாது. நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்களைச் சகோதரர்கள் என்று சொல்லி ஆண்டவர் நம் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்.

பேராக்கில் ஒரு தோட்டப் பட்டணத்துச் சபையில் நான் ஊழியம் செய்த காலத்தில், முன்பு பால் மரம் சீவிய ஒரு மூதாட்டிக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டும். பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை செய்தார்கள். சபைப் பெண்கள் ஒரு தாளில் முறை எழுதி, பாட்டுப் புத்தகம் வைக்கும் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினார்கள். திங்களுக்கு ஒருவர், புதனுக்கு ஒருவர். வெள்ளிக்கிழமைக்கு எவரும் கிடைக்காமல் இருந்தபோது ஒருவர் தம் பெயரைத் தாமே எழுதினார். தோட்டத்தில் இருந்த நாளில் கால்வாய்த் தண்ணீர்ச் சண்டையில் அந்த மூதாட்டியோடு பேச்சை நிறுத்தியவர் அவர். பழைய புரோட்டோன் சாகாவின் முன் இருக்கையில் ஒரு தலையணையை வைத்திருப்பார். ஊசி ஏற்றிய கையை அந்த அம்மா அதன்மேல் வைத்துக்கொள்வார். போகும்போதும் வரும்போதும் இருவரும் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. அவர் இறக்கிவிட்டுக் கிளம்பும்போது அந்த அம்மா ஒரு பொட்டலம் பிஸ்கட்டைக் கார் ஜன்னல் வழியாக நீட்டுவார், அவரும் வாங்கிக்கொள்வார். இரண்டு பேரும் நல்ல பிரசங்கம் கேட்டிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைகள், ஒரே ஆலயத்தில் வாராவாரம் முகம் பார்த்து உட்கார்ந்திராவிட்டால் நடந்திருக்க முடியாது.

தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு இன்னொன்றும் நன்றாகத் தெரியும். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஒருவர் வரவில்லை என்றால், ஆள் எங்கே, என்ன உடம்புக்கு என்று லயம் முழுதும் தெரிந்துவிடும். ஒரு வீட்டில் சாவு என்றால் யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. தாமான் வீடுகளில் இரும்புக் கதவைப் பூட்டினால் பக்கத்து வீட்டில் ஆம்புலன்ஸ் வந்து போனதுகூடத் தெரிவதில்லை. தோட்டம் கலைந்தபோது கோயில், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயக்கொட்டகை, பந்து விளையாடிய திடல் எல்லாவற்றோடும் சேர்ந்து அந்த விசாரிப்பும் போய்விட்டது. பல தோட்டங்களிலிருந்து சிதறி வந்தவர்கள் வாரம் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து ஒருவரையொருவர் எண்ணிப்பார்க்கும் இடங்கள் இனி மிகச் சிலவே. உங்கள் சபை அவற்றில் ஒன்று.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, அவர்களிலும் பெரும்பாலோர் சபா, சரவாக்கில் இருக்கிறார்கள். பேராக்கின் ஒரு சிறு பட்டணத்தில் தமிழில் பாடி ஜெபிக்கும் கூட்டம் எவ்வளவு சிறியது என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கோலாலம்பூரில் ஆயிரம் பேர் கூடும் சபையில் ஒரு குடும்பம் வராவிட்டால் ஒருவேளை யாரும் கவனிக்கமாட்டார்கள். நாற்பது பேர் சபையில் மூவர் குறைந்தால் பாட்டின் ஓசையிலேயே தெரிந்துவிடும்.

பவுல் சபையைச் சரீரத்துக்கு ஒப்பிட்டபோது, "கண்ணானது கையைப்பார்த்து: நீ எனக்கு வேண்டுவதில்லை என்று சொல்லக்கூடாது" என்று எழுதினார். அந்த மூத்தவர் உங்களிடம் சொன்னது கிட்டத்தட்ட அதுதான். தம்பி, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்: வீட்டில் இருந்துகொண்டு நீங்கள் மற்ற முப்பத்தேழு பேரிடம் சொல்வதும் அதுதான். அவர்களில் அந்தக் கூட்டத்துக்கே வராத கிழவிகள் இருக்கிறார்கள், குழந்தைகள் இருக்கிறார்கள். கணக்கைத் துணிந்து கேட்கிற ஒருவர் எந்தச் சபைக்கும் தேவை. நீங்கள் வெளியேறியதால் அடுத்த ஆண்டு கூட்டத்தில் கேட்பதற்கு ஆள் இல்லாமல் போயிருக்கும்.

கொரிந்து சபையில் நடந்ததையும் படித்துப் பாருங்கள். கர்த்தருடைய பந்தி என்று கூடிவிட்டு, வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு வெறித்திருந்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கடிந்துகொண்டார். உங்களுக்கு நேர்ந்ததும் இதே வகை அவமானம். ஆனால் அந்த ஏழைகளைப் பார்த்து, நீங்கள் வீட்டிலேயே இருந்து அப்பம் பிட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் எழுதவில்லை. கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றுதான் எழுதினார். பந்தியைத் திருத்தச் சொன்னாரே ஒழியக் கலைக்கச் சொல்லவில்லை. திருவிருந்தைப் பற்றிப் பேசும்போது இதையும் கேட்கிறேன்: நீங்கள் கடைசியாக எப்போது அப்பமும் ரசமும் வாங்கினீர்கள்? அதைத் திரை வழியாக எவரும் உங்கள் கையில் வைக்க முடியாது.

சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் பத்தாம் அதிகாரத்தில் எழுதப்பட்டவர்கள் யார் என்பதையும் அதே அதிகாரம் சொல்கிறது. நிந்தைக்கும் உபத்திரவத்துக்கும் வேடிக்கைப் பொருளானவர்கள், ஆஸ்திகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். வராமல் இருப்பதற்கு அவர்களிடம் நம் எல்லோரையும்விட வலுவான காரணம் இருந்தது.

"சபைக்குப் போனால்தான் கிறிஸ்தவனா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சிலுவையில் தொங்கிய கள்ளன் எந்தச் சபைக்கும் போகவில்லை. பரதீசு அவனுக்கு வாக்களிக்கப்பட்டது. படுக்கையில் கிடக்கிறவர்கள், ஞாயிறும் வேலைக்குப் போகக் கட்டாயப்படுத்தப்படுகிறவர்கள் போக முடியாததால் கிறிஸ்தவர்கள் இல்லாமல் போய்விடுவதில்லை. அவர்களைத் தேடிச் சபை போகவேண்டும். நடக்கக் கால் இருந்தும், வண்டி இருந்தும், போகமாட்டேன் என்று இருக்கும் ஒருவருக்கு நான் சொல்லக்கூடியது வேறு. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்ற கட்டளையை நீங்கள் வீட்டு வரவேற்பறையில் எப்படி நிறைவேற்றுவீர்கள்? ஒருவரையொருவர் தாங்குங்கள், மன்னியுங்கள், புத்திசொல்லுங்கள் என்று புதிய ஏற்பாடு நிறைய இருக்கிற கட்டளைகளுக்கு எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும். மனைவியும் மகளும் இருக்கிறார்கள் என்பீர்கள். அவர்கள் உங்கள் அன்புக்குரியவர்கள். அன்பு காட்டக் கடினமான ஒருவரும் உங்களுக்கு வேண்டும்.

தோமாவை நினைக்கிறேன். இயேசு உயிர்த்தெழுந்த அன்று மாலை சீஷர்கள் கூடியிருந்த அறையில் தோமா இல்லை. கண்டால்தான் நம்புவேன் என்றார். ஆனாலும் எட்டு நாளைக்குப் பிறகு அதே கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். அவர்களும் அவரைத் துரத்தவில்லை. மனம் முழுதும் சரியான பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள்.

உங்கள் தாயாரைப் பற்றி. வாராவாரம் ஆலய வாசலில், கைப்பையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு வேலை" என்று சொல்லும்போது அந்த வயதான மனம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பொய்யை இனி அவர் சொல்லவேண்டாம். "அவன் மனம் நொந்திருக்கிறான், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். இந்த வாரத்திலிருந்து யாருடைய காருக்கும் அவரைக் காத்திருக்க விடாமல், நீங்களே ஆலயத்தில் கொண்டுபோய் விடுங்கள். முதல் வாரம் உள்ளே போக மனம் வராவிட்டால் வாசலில் நின்று இரண்டு பேரிடம் நலம் விசாரித்துவிட்டு வாருங்கள். வாரநாள் வீட்டு ஜெபக்கூட்டம் இருந்தால் அதிலிருந்து தொடங்குவது இன்னும் எளிது. பத்துப் பேர் இருப்பார்கள், தேநீர் இருக்கும், மேடை இருக்காது.

மகளையும் மறக்கவேண்டாம். அப்பா அவமானப்பட்டதை அவள் அறிந்திருப்பாள்; பிள்ளைகளுக்குத் தெரியாமல் நம் வீடுகளில் எதுவும் நடப்பதில்லை. மனிதர்கள் புண்படுத்தினால் விலகிவிட வேண்டும் என்பதுதான் இப்போது அவள் கற்றுக்கொண்டிருக்கும் பாடம். அப்பா எழுந்து போய்ப் பேசினார் என்பதையும் அவள் காணட்டும். ஞாயிறு பள்ளியில் தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டவும், வாசித்து முடித்ததும் ஒரு பாட்டி கன்னத்தைத் தடவிக் கொடுக்கவும் அவளுக்கு இடம் வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். எதையும் சகித்துக்கொண்டு அங்கேயே இருங்கள் என்று நான் சொல்லவில்லை. கூரைப் பணம் உண்மையிலேயே கையாடப்பட்டிருந்தால், போதகருக்கும் மேலே உங்கள் திருச்சபையின் மேலிடத்துக்கு எழுதுங்கள்; எழுதியதற்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளிடமோ பெண்களிடமோ ஒருவர் தவறாக நடந்தார் என்று தெரிந்தால், அது சபைக்குள் பேசித் தீர்க்கும் விஷயமே கிடையாது. காவல் நிலையத்துக்குப் போகவேண்டும், பாதிக்கப்பட்டவரை அங்கிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். மத்தேயு 18ஐக் காட்டி அப்படிப்பட்டவர்களை வாயடைக்க வைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அது வேதத்தைத் திரித்து ஆயுதமாக்குவது.

உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஒரு பெரியவரின் கர்வமும், பயந்தவர்களின் மௌனமும் தெரிகின்றன. மூன்று படிகளையும் செய்து பார்த்து, கணக்கும் வராமல் மனமும் ஆறாமல் போனால், கோலகங்சாருக்கோ ஈப்போவுக்கோ போய் வேறு தமிழ்ச் சபையில் சேருங்கள். லாரி ஓட்டுகிற உங்களுக்கு அது தூரம் இல்லை. அப்படிப் போவதானால் போதகரிடம் சொல்லி, முறையாக விடைபெற்று, குடும்பமாகப் போங்கள். அங்கேயும் சங்கடமான ஒரு மூத்தவர் இருப்பார் என்று எதிர்பார்த்தே போங்கள்.

முதலில் இவரைப் போய்ப் பாருங்கள். பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள். கூரைக் கணக்கு வாசிக்கப்பட்டதா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.